நாலு செகண்டும் அரை டம்ளர் தேங்காய் எண்ணெயும்: சோழவந்தான் ரோட்டில் ஒரு ஞாயிறு

மதுரையிலிருந்து சோழவந்தானுக்குச் சைக்கிளிலோ வேனிலோ போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ரோட்டைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் மாவட்டத்தில் யாரும் கிடையாது. வேன் ஸ்டியரிங் பிடித்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் வேகத்தடை என்று சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்; பள்ளிக்கூடம்தான் என்னை நினைத்து ஏங்கியது என்று கணக்கு வாத்தியாரே பின்னாளில் சொன்னார். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரில் பிழை இருக்காது.

பயணம் போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரணம் என் அக்கா மகள் செல்வராணி. வயது நாற்பத்தாறு. சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவுக்கே சாம்பியனாக இருந்தவள். அவளுக்கு முதல் சைக்கிள் கொடுத்தவன் நான்தான். அவள் பெரியமனுஷி ஆனபோது தாய்மாமன் சீராகப் பதினெட்டுத் தட்டோடு ஒரு சைக்கிளையும் மாலை போட்டுக் கொண்டுபோய் நிறுத்தினேன். தெருவே வாயைப் பிளந்தது. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அந்தத் தங்கம் எல்லாம் ஏது?

அவள் பந்தயத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பிள்ளைகள் ஆறு பேருக்குக் கோச். கோச் என்றால் விசில் ஊதுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அது கால்வாசிகூட இல்லை. சைக்கிள்களைக் கட்டி ஏற்றுவது, பாட்டில் கழுவுவது, ஸ்பேர் சக்கரம் தூக்குவது, வெளியூர் போனால் ரூம் பார்ப்பது, யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு வண்டியில் வாந்தி வரும் என்று எழுதி வைப்பது என்று எல்லாம் அவள்தான். என் வேனின் பக்கக் கதவில் உள்பக்கமாக ஒரு லிஸ்டை லேமினேஷன் போட்டு ஒட்டியிருக்கிறாள். மொத்தம் முப்பத்தொரு ஐட்டம். கல்யாண மளிகை லிஸ்ட்கூட இம்புட்டு இருக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கு இதில் மனசுக்குள் ஒரு வருத்தம் உண்டு. மாலை விழுந்த கழுத்தில் இப்போது கயிறும் பம்பும் தொங்குகிறதே என்று.

அன்றைய போட்டி பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு. இருபது கிலோமீட்டர். ஒவ்வொருத்தியாக இரண்டு நிமிஷ இடைவெளியில் விடுவார்கள். கூட யாரும் ஓட்ட மாட்டார்கள், எத்தனை நிமிஷம் எத்தனை செகண்ட் என்பதுதான் முடிவு. ஒன்பது பேரில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். எங்கள் பக்கம் ஒரே ஒருத்தி, ரிஸ்வானா. அவளுக்கு இந்தப் பிரிவில் வயது இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் மறுபடி கிடையாது. அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவளுடைய சைக்கிளையும் ஸ்பேர் சக்கரம் ஒரு ஜோடியையும் என் வேனில் ஏற்றும்போது, செல்வராணி ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துத்தான் ஏற்றினாள். பிறகு அவளுக்குப் பந்தய நம்பர் அட்டை வாங்கப் போகிற வேலை இருந்தது. சைக்கிள் என் வீட்டு வாசலில், என் வேனில், என் பொறுப்பில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை 4.50-க்குத் தல்லாகுளத்தில் செல்வராணியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அந்த நேரத்தில் கோர்ட் பக்கமெல்லாம் காலியாக இருக்கும். பகலில் அதே ரோட்டில் பைக்குகளுக்கு நடுவே ஒரு வேனைக் கொண்டுபோவது என்னைப் போன்ற ஆளால்தான் முடியும். 5.8 கிலோமீட்டர், பதினாறு நிமிஷத்தில் காளவாசல். அங்கே ரிஸ்வானாவை அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பழைய ஊருக்குள் தையல் கடை வைத்திருப்பவர். பந்தயச் சட்டை அவர் தைத்ததுதான்; முதுகில் மூன்று பை, ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தையல்.

"அண்ணே, பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

"பாய், இந்த வேன்ல கவர்னரே போயிருக்காரு," என்றேன். கவர்னர் என்றால் கவர்னர் வந்த விழாவுக்கு ஏற்றிய நாற்காலிகள். அதுவும் கௌரவம்தானே.

காளவாசலிலிருந்து மேலக்கால் ரோட்டைப் பிடியுங்கள். கோச்சடை தாண்டியதும் ஊர் கழன்றுவிடும். துவரிமான் வந்தால் தென்னை, அப்புறம் வயல். நாங்கள் போனபோது அறுவடை முடிந்து, ரோட்டின் பாதியில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். வேன் போனால் ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு அது எமன், சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். பந்தய ரோட்டில் வைக்கோல் கிடக்கக்கூடாது என்று செல்வராணி அதற்கு முந்தின புதன்கிழமையே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வண்டியில் வரும்போதே போன் போட்டாள்.

"அண்ணே, நான் சைக்கிள் கோச் பேசுறேன். வைக்கல அள்ளீட்டீகளா? ஆறரைக்குள்ள அள்ளிருங்கண்ணே. ஆமா, ஒன்பது மணிக்கு மேல திரும்பப் போட்டுக்கங்க. நானும் வந்து பரத்தித் தாரேன்."

ஒரு சாம்பியன் வைக்கோல் பரத்தித் தருகிறேன் என்று பேசுவதை நான் கேட்காத மாதிரி ஹாரன் அடித்தேன். பிறகு பேச்சை மாற்ற, ரிஸ்வானாவிடம் இந்த ரோட்டில் நான் சைக்கிளில் பாசஞ்சர் ரயிலை முந்திய கதையைச் சொன்னேன்.

"எந்த ரயில் மாமா? இந்த ரோட்டுப் பக்கம் தண்டவாளமே இல்லையே?" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை.

காளவாசலிலிருந்து 20.4 கிலோமீட்டரில், ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் இடது கைப்பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. 6.10-க்கு அங்கே நிறுத்தினோம். பாலம் தாண்டினால் சோழவந்தான். வெற்றிலைக் கட்டுகளை ஈரச்சாக்கில் போட்டு மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். டீ பன்னிரண்டு ரூபாய். நுரை மட்டும் நாலு ரூபாய்க்கு இருக்கும். பந்தயம் ஆரம்பிக்கிற இடம் அங்கிருந்து 1.3 கிலோமீட்டர். ரிஸ்வானாவின் முறை 7.24-க்கு.

செல்வராணி சைக்கிளை இறக்கினாள். இறக்கியதும் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளுவாள். பின்சக்கரம் குதிரை உதைப்பது போல மேலே தூக்கும். அன்றைக்குத் தூக்கவில்லை. பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்க, சைக்கிள் பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது.

குனிந்தாள். விரலால் தொட்டாள். மூக்கில் வைத்தாள்.

"மாமா."

"என்ன தாயி?"

"இது என்ன வாசம்?"

"தேங்காய் எண்ணெய். செக்குல ஆட்டுனது. எப்புடி மினுங்குது பாத்தியா?"

இந்த இடத்தில் உங்களுக்கு விளக்க வேண்டும். புது மாதிரிச் சைக்கிளில் பிரேக் ரப்பர் ரிம்மைப் பிடிக்காது. சக்கரத்தின் நடுவில் சாஸர் அளவுக்கு ஒரு மெல்லிய இரும்புத் தட்டு இருக்கும், டிஸ்க் என்பார்கள். அதை இரண்டு பக்கமும் விரல்நகம் அளவு பேட் கவ்விப் பிடிக்கும். அந்தத் தட்டில் எண்ணெய் படக்கூடாது. இது எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷமாக ஆயுத பூஜைக்கு வேனை எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுப்பவன் நான். பிள்ளைக்குப் பெரிய நாள் ஆயிற்றே என்று சனிக்கிழமை சாயங்காலம் அரை டம்ளர் எண்ணெயை எடுத்து, சைக்கிளைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்தேன். தட்டு நாலும் நன்றாகப் பளபளத்ததால் அவற்றுக்கு இரண்டு கை கூடுதல். நடுவில் சந்தனப் பொட்டு. ஸ்பேர் சக்கரத்தையும் விடவில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

செல்வராணி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வாட்சைப் பார்த்தாள்.

"மணி ஆறு பதினாலு. எழுபது நிமிசம் இருக்கு," என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் வேன் கதவுக்குப் போய் அந்த முப்பத்தொரு ஐட்டம் லிஸ்டில் விரலை வைத்து இறக்கினாள். பன்னிரண்டாவது: பிரேக் பேட், புதுசு, ஒரு ஜோடி. பத்தொன்பதாவது: முதலுதவிப் பெட்டி. அதில் புண் துடைக்கிற ஸ்பிரிட் ஒரு பாட்டில். ஒரு சக்கரத்துக்குப் பேட் ஆயிற்று. இன்னொரு சக்கரத்துக்கு?

நேராக டீ மாஸ்டரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு உதவி. அடுப்பு வேணும்."

"என்ன டீக்கா? ஸ்ட்ராங்கா?"

"டீ இல்லண்ணே. அடுப்பு மட்டும். அஞ்சு நிமிசம்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருக்க முடியுமா? "மாஸ்டர், நிக்கிறது யாருன்னு தெரியுமா? இந்தியா சாம்பியன். ஏழு தங்கம்!"

"மூணுண்ணே," என்றாள் செல்வராணி, அடுப்பைப் பார்த்தபடியே.

"மூணோ ஏழோ, பால் பொங்கீரும். சீக்கிரம் முடிங்கக்கா," என்று மாஸ்டர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

எண்ணெய் குடித்த பழைய பேட் இரண்டையும் கழற்றி, மாஸ்டரின் இடுக்கியால் பிடித்து, நெருப்பில் காட்டினாள். முதலில் தேங்காய் வாசம் வந்தது. பின்னாலேயே டயர் எரிகிற நாற்றம். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, காலையில போணி நேரத்துல இதானா?" என்றார் மாஸ்டர்.

"எண்ணெய் எரிஞ்சு வெளிய வரணும்ணே. வெள்ளைப் புகை நின்னுட்டாப் போதும்."

எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். தட்டு நாலையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். ஒருமுறை துடைத்த பஞ்சை மறுமுறை தொடக்கூடாது. பூசும்போது இருந்த சந்தோஷம் துடைக்கும்போது இல்லை. ரிஸ்வானா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவள் நாற்பது நிமிஷம் கால் சூடேற ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியது.

மெதுவாக செல்வராணியிடம் போய், "தாயி, பிள்ளைகிட்டச் சொல்லாத. பயந்துரும்," என்றேன். எனக்குப் பயம் அவளுக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

"ஓட்டுறவளுக்குத் தெரியணும் மாமா," என்றாள். பிறகு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாள்: "பிரேக்ல எண்ணெய் பட்டுருச்சு. முன்னாடி புதுசு போட்டிருக்கேன், பிடிக்கும். பின்னாடி பாதிதான் பிடிக்கும். ஏத்துனதுக்கு அப்புறம் நான் ஒரு தடவை பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுது."

என் பேரே வரவில்லை. ஒரு எழுத்துகூட வரவில்லை.

நான் மேடையில் பேசியிருக்கிறேன், பஞ்சாயத்தில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வந்தது இம்புட்டுத்தான். "இல்ல ரிஸ்வானா, நான்தான்மா எண்ணெய் போட்டேன். அழகா இருக்கட்டும்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அதான் வண்டி எங்க சாச்சி தலை மாதிரி மணக்குதா மாமா?" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் எழுந்து போய்ப் பின் பிரேக்கைத் தானே இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள்.

புதுப் பேட் உடனே பிடிக்காதாம். ரோட்டில் வேகமாகப் போய்ப் பிரேக் பிடிக்க வேண்டும், மறுபடி போக வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும், இருபது தடவை. அந்த இருபது தடவையிலேயே 7.05 ஆகிவிட்டது.

பந்தய ரோடு தென்கரைப் பக்கம் மேற்கே போகிறது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் கொடிக்கால், வெற்றிலை ஏறிய அகத்தி மரங்கள் சுவர் போல நிற்கும். நல்ல தார். பத்தாவது கிலோமீட்டரில் நடு ரோட்டில் ஒரு தார் டிரம்மை வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். திருப்பம் என்றால் பிரேக். பிரேக் என்றால் நான்.

ஒவ்வொருத்திக்கும் பின்னால் அவரவர் வண்டி ஸ்பேர் சக்கரத்தோடு போகலாம். 7.24-க்கு ரிஸ்வானா கிளம்பினாள். முப்பது அடி விட்டு நான். செல்வராணி பக்கத்து சீட்டில், மடியில் சக்கரம், கையில் வாட்ச். அந்தப் பிள்ளை ஓட்டியதைப் பார்க்க வேண்டும். முதுகு தட்டையாக, ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் சிந்தாது. அத்தா தைத்த சட்டையில் காற்று ஒரு மடிப்புகூட எழுப்பவில்லை.

நாலாவது கிலோமீட்டரில் மனசு தாங்காமல் கேட்டேன். "உனக்கு எதுக்குத் தாயி இந்தப் பொழப்பு? மூணு தங்கம் வாங்கியிருக்க. எங்கயாவது நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடலாம்ல?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாலாவது ஒண்ணு வரவேண்டியது மாமா. நீங்க ஊரெல்லாம் என் கதை சொல்றீகளே, அதை மட்டும் சொல்றதே இல்ல. கடைசி ஆறு கிலோமீட்டர். நான்தான் முன்னாடி. பின்சக்கரம் பஞ்சர். எனக்குப் பின்னாடி வண்டியும் இல்ல, சக்கரமும் இல்ல. ரோட்டு ஓரத்துல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பதினோரு பேர் என்னைத் தாண்டிப் போனாக. ஒவ்வொருத்தியா எண்ணுனேன்."

அந்தப் போட்டிக்கு நான் கொடி பிடித்துக்கொண்டு போயிருந்ததாக எங்கள் சொந்தத்தில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். போகவில்லை.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள். "அந்த சீர் சைக்கிள் வாடகைச் சைக்கிள். மூணாம் நாள் கடைக்காரர் வந்து கேட்டாரு."

"பிறகு அதையே வெலைக்கு வாங்கிக் கொடுத்தேன்ல?"

"கொடுத்தீக மாமா. அது உண்மை," என்று முதல் தடவையாகச் சிரித்தாள். "விடாதீக, இடைவெளி கூடுது, கொஞ்சம் மிதிங்க."

டிரம் தெரிந்தது. செல்வராணி சக்கரத்தை இறுக்கிப் பிடித்தாள். வழக்கமாக ரிஸ்வானா டிரம்முக்கு முப்பது மீட்டருக்கு முன்னால்தான் பிரேக்கைத் தொடுவாள். அன்றைக்கு எழுபது மீட்டரிலேயே தொட்டாள். பின்சக்கரம் ஒரு முழம் விலகியது. என் கால் தன்னால் வேன் பிரேக்கை அமுக்கியது. அது நன்றாகப் பிடித்தது, அதுவும் எனக்கு அசிங்கமாக இருந்தது. அவள் ரோட்டின் ஓரம்வரை அகலமாகப் போய், வாய்க்கால் கரை மண்ணைத் தொட்டு, திரும்பிவிட்டாள். விழவில்லை. திரும்பியதும் ஒரு தடவை பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"பாக்காத, போ! போ!" என்று செல்வராணி ஜன்னலுக்கு வெளியே கத்தினாள். அந்தச் சத்தத்தில் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து கொக்கு கிளம்பியது. (இது ஜோடிப்பு இல்லை. ஆறு கொக்கு.)

8.35-க்குப் பேப்பரில் எழுதி மரத்தில் ஒட்டினார்கள். ரிஸ்வானா 33 நிமிஷம் 11 செகண்ட். இரண்டாவதாக வந்தவள் 33 நிமிஷம் 7 செகண்ட். எங்கள் பிள்ளை மூன்றாவது.

இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஜெயித்தாள் என்று எழுதினால் உங்களில் யார் வந்து கேட்கப்போகிறீர்கள்? ராத்திரி ஒரு தடவை அப்படித்தான் எழுதினேன். காலையில் படித்துப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். நாலு செகண்ட். மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை.

மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணியை அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிற கோச் செல்வராணிதான், வேன் என்னுடையது. மூன்றாவது ஆள் ரிசர்வ். அணியோடு போகலாம், முதல் இரண்டு பேரில் யாருக்காவது முடியாமல் போனால் மட்டும் ஓட்டலாம். ரிஸ்வானா வேன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். "நான் வரல மேடம். மத்தவங்க ஓட்டுறத உக்காந்து பாக்குறதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் வரணும்?"

செல்வராணி சைக்கிளைக் கட்டினாள். பிறகு சொன்னபடியே ஒன்பது மணிக்கு வைக்கோல்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். சாம்பியன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அரை மணி நேரம் வைக்கோலைப் பரத்தினோம். வேலை செய்து நாளாயிற்று. அடுத்த நாள் முதுகு என் பேச்சைக் கேட்கவில்லை.

திரும்பும்போது இடுக்கிக்கும் அடுப்புக்கும் நன்றி சொல்ல அதே டீக்கடையில் நிறுத்தினோம். மூன்று டீ, ஆறு வடை, மொத்தம் தொண்ணூறு ரூபாய். மாஸ்டர் முதலில் கேட்டது, "என்னண்ணே, ஜெயிச்சாச்சா?"

"நாலு செகண்ட்ல போச்சு மாஸ்டர். என்னாலதான். நான் போட்ட எண்ணெய்."

செல்வராணி டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, சொல்றதுன்னா சரியாச் சொல்லுங்க. திருப்பத்துக்கு எப்பவும் பதினோரு செகண்ட் ஆகும். இன்னைக்குப் பதிமூணு. உங்களுது ரெண்டு. கால் சூடாகலைன்னு ஆரம்பத்துல அடக்கி ஓட்டச் சொன்னது நான். அதுல ஒண்ணு என்னுது."

"ரெண்டுதானா? அம்புட்டு எண்ணெய்க்கு ரெண்டுதானா?" என்றார் மாஸ்டர்.

"இன்னும் ஒண்ணு இருக்கே?" என்றேன்.

ரிஸ்வானா வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "திரும்புனதும் பின்னாடி பாத்தேன்ல. அது என்னுது."

"எதுக்குப் பாத்த?" என்றேன்.

"வண்டி வருதான்னு."

செல்வராணி எழுந்து வேன் கதவுக்குப் போனாள். மார்க்கர் பேனாவை எடுத்து, லேமினேஷன் மேலேயே, முப்பத்தொன்றுக்குக் கீழே எதையோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். 32: ஏற்றிய பின் பிரேக், மாமா கை.

10.40-க்குக் காளவாசல். அத்தா வெயிலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். விஷயம் போனிலேயே தெரிந்திருந்தது. பையை வாங்கிக்கொண்டார். ரிஸ்வானா பின்சீட்டில் ஏறிவிட்டு, என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து வேன் ஜன்னலைத் தட்டினாள்.

"மேடம், அங்க யாருக்கு நான் பின்னாடி வரணும்? சக்கரத்தோட?"

"முதல்ல வந்த புள்ளைக்கு நான். ரெண்டாவது புள்ளைக்கு நீ."

"எனக்கு முன்னாடி வந்தவளுக்கா?"

"அவளுக்குத்தான்."

பின்னால் ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. நான் நகரவில்லை.

"அத்தா, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும்," என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

இனி, போகிறவர்களுக்கு. சைக்கிளில் போனால் காளவாசலை ஐந்தரைக்குள் தாண்டிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் அந்தச் சந்திப்பில் சைக்கிளோடு நிற்பது என்னாலேயே முடியாது. தல்லாகுளத்திலிருந்து அந்த டீக்கடைவரை போக 26.2 கிலோமீட்டர், பழகாதவர்களுக்கு இரண்டு மணி நேரம். தண்ணீர் இரண்டு பாட்டில் போதும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் காயும். மேலே ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒருவருடைய வருஷச் சாப்பாடு. எனக்கு அன்றைக்கு மீட்டரில் 76 கிலோமீட்டர், டீசல் ஐந்நூறு ரூபாய். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள் என்றால் தட்டில் எண்ணெய், சந்தனம், உங்கள் விரல், எதுவும் படக்கூடாது. சாமி கும்பிட வேண்டுமா, கைப்பிடியில் பூ வையுங்கள். போதும்.

வெள்ளிக்கிழமை வேன் நான்தான் ஓட்டினேன். 310 கிலோமீட்டர். புறப்படும் முன் செல்வராணி என் உள்ளங்கை இரண்டையும் திருப்பி முகர்ந்து பார்த்தாள். பின்னாலேயே ரிஸ்வானாவும் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பின்சீட்டில் அந்தப் பிள்ளை, தனக்கு முன்னால் வந்தவளுடைய சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் தூங்காமல் வந்தாள்.